ஒன்பதாவது ரேக்

1991-ஆம் வருடம் வரை எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகள் மொத்தம் இருபத்து நான்கு. இருபத்தாறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதுவரை அங்கே ஆங்கிலம் கிடையாது. எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது கட்டட வரைபடத்தில். நாங்கள் அதை டிராயிங் என்போம். ஒரு ஷெட்டின் டிராயிங்கை விரித்தால் இடது ஓரத்தில் ஏ, பி, சி என்று வட்டத்துக்குள் எழுத்துகள் இருக்கும். மேல் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. சி வரிசையும் நான்காவது வரிசையும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் தூணுக்குப் பெயர் சி நான்கு. கம்பி கட்டுகிறவனுக்கு அந்தப் படிப்பு போதும். இருபது வருடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஷெட் கட்டிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் அப்போது வேர்க்கடலைக் கொல்லைகள். நான் கம்பி மேஸ்திரி. என் கீழே பதினான்கு பேர். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மேஸ்திரி என்றால் சத்தம் போட வேண்டும். எனக்கு அது வராது. ஓர் ஆள் தப்பாகக் கட்டியிருந்தால் நானே போய் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். திட்ட வேண்டியதை எனக்கும் சேர்த்து சென்ட்ரிங் மேஸ்திரி திட்டிவிடுவார். கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பது அவர் வேலை. பிள்ளைப்பாக்கத்துக்காரர். வாய் ஓயாது.

எங்கள் சைட் இன்ஜினியர் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதுக்குள் இருக்கும். தாம்பரத்தில் விடுதியில் தங்கியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்ததும் ரயிலைப் பிடித்துச் சென்னையில் ஒரு கல்லூரிக்குப் போய், கட்டுமான மேலாண்மை என்று ஒரு மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். மேலாண்மை என்றால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். "எல்லாருக்கும் வேலை ஓடணும், ஒருத்தரும் காத்துக் கெடக்கக் கூடாது. அது எப்படின்னு படிக்கது" என்றார்.

அந்தப் படிப்பின் கடைசியில் ஓர் அறிக்கை எழுத வேண்டுமாம். அதற்காக அவர் இரண்டு மாதமாக ஒரு காரியம் செய்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அந்த நிமிடத்தில் ஒவ்வோர் ஆளும் வேலை செய்கிறானா, பொருளுக்காகக் காத்திருக்கிறானா, எங்காவது நடந்துகொண்டிருக்கிறானா என்று பார்த்து, அதற்குரிய கட்டத்தில் ஒரு கோடு போடுவார். நாலு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். காண்டிராக்டர் எங்களை உளவு பார்க்க வைத்திருக்கிறார் என்று முதலில் எல்லோரும் பயந்தார்கள். சென்ட்ரிங் மேஸ்திரி மட்டும் பயப்படவில்லை.

"இன்னா மேடம், ஒண்ணுக்குப் போறவனுக்கு எந்தக் கட்டம்?"

"நடக்கிற கட்டம்தான்" என்றார் இன்ஜினியர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நின்னுக்கினு இல்ல போறான்!"

பலகைமேல் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்துவிட்டார். அன்றோடு பயம் போயிற்று.

அறிக்கையில் அவர் எழுதியது இதுதான்: கம்பி வேலை தாமதமாவதற்கு ஆட்களின் சோம்பல் காரணமில்லை. டிராயிங் வருவதில்லை, வெட்டிய கம்பி வருவதில்லை, வந்தாலும் தூக்கிக் கொடுக்க ஆள் வருவதில்லை. அதனால்தான் நிற்கிறார்கள். இதை அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடமாக எல்லோரும் என் முகத்துக்கு நேரே சொன்னதெல்லாம் சோம்பேறிப் பசங்க என்பதுதான்.

ஒரு புதன்கிழமை காலை அவர் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. முதல் நாள் இரவு வகுப்பில் பேராசிரியர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"நீ சொன்னா போதுமாம்மா, இதுக்கு முன்ன வேற யார் சொல்லியிருக்கான்னு கேக்காரு. ஆராய்ச்சிப் பத்திரிகையில வந்த கட்டுரை வேணுமாம். அதைக் காட்டாம கையெழுத்துப் போட மாட்டேங்காரு. சனிக்கிழமை ஒரு மணிக்குள்ள கையெழுத்தோட ஆபீஸ்ல குடுக்கணும். இல்லைன்னா மூணு வருசப் படிப்பும் போச்சு."

"இன்னொரு வாட்டி எழுத முடியாதா மேடம்?"

"ஏற்கெனவே ஒரு வாட்டி தேதியத் தள்ளி வாங்கினது மேஸ்திரி. இதுக்கு மேல கெடையாது."

கட்டுரைகள் கல்லூரி நூலகத்தில் இருந்தன. ஆனால் நூலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். இவர் போய்ச் சேர ஆறரை ஆகும். வெள்ளிக்கிழமை மாடித் தளத்துக்குக் கான்கிரீட். வியாழக்கிழமை முழுக்கச் சரிபார்ப்பு. லீவு கேட்டதற்குக் காண்டிராக்டர், "தளத்த நீ வந்து போடுறியா, ஒன் வாத்தியார் வந்து போடுவாரா?" என்றாராம்.

கான்கிரீட் போடும் நாளில் கம்பி மேஸ்திரிக்குப் பெரிய வேலை இல்லை. தளம் முழுக்கக் கட்டி முடித்திருப்போம். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். "நான் போய்ட்டு வரட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பையைத் திறந்தார். பிறகு ஒரு பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து மூன்று கட்டுரைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண், பக்க எண். அவருடைய நூலக அட்டை. ஒரு கடிதம்.

"படிக்க வேண்டாம் மேஸ்திரி. இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க. ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருங்க. மூணாவதுதான் முக்கியம், விட்றாதீய" என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியம் அன்று என் காதில் விழவில்லை; பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். பக்கத்தில் கான்கிரீட் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"காலேஜுக்குப் போறாருபா நம்ம மேஸ்திரி!" என்று சென்ட்ரிங் மேஸ்திரி கூவினார். "புக்கு சுமக்கப் பை எடுத்தியா? டிபன் டப்பா? மூக்கு ஒழுவுனா தொடச்சிக்கோ!"

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் ஏறினேன். கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை. சட்டைப் பையிலிருந்த சீட்டை நாலு ஸ்டேஷனுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே ஒன்றும் பூஜ்யமும் கலந்து கலந்து வந்தன. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. எங்கள் கம்பிகளுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்துதான் பெயர் வைப்பார்கள்.

நூலகத்தின் வாசலில் நான் இரண்டு முறை நின்று இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை பின்னால் ஒரு கூட்டம் வந்து என்னையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனது. புத்தகம் எடுத்து அடுக்குகிற ஊழியர் ஒருவர் மேஜைக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது உன் கார்டா?"

"இல்லீங்க. எங்க மேடத்துது."

"அதான் பாத்தேன். போட்டோவுல பூ வச்சிக்கினு கீது, நீ மீசை வச்சிக்கினு கீற." கடிதத்தைப் படித்தார். "எந்த ஊரு?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம். மண்ணூரு."

அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் என்றாலே எல்லோரும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, என் சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"மூணும் ஜே ரேக்குல கீது. பெயிண்ட் அடிச்சப்போ ரேக்குல இருந்த எழுத்தெல்லாம் பூட்ச்சி. ஏ-ல ஆரமிச்சி எண்ணிக்கினே போ. எண்ணத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எங்கும் பேசியதில்லை.

உள்ளே போனதும் எனக்கு அந்த இடம் முன்பே தெரிந்த இடம் போலிருந்தது. நீளமாக வரிசை வரிசையாக இரும்பு ரேக்குகள், ஒரே இடைவெளியில், தூண்களைப் போல. ஒவ்வொன்றுக்கும் தட்டுகள் கீழிருந்து மேலாக. யாரோ ஒரு டிராயிங்கை விரித்து நிமிர்த்தி வைத்தது போல. ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச், ஜே. ஒன்பதாவது ரேக்கில் நின்றேன். எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

தடித்த அட்டை போட்ட தொகுதிகள். முதுகில் தங்க எண்கள். சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து ஒன்றை உருவினேன். பக்கத்தைத் திருப்பினேன். எழுத்து ஒத்துவரவில்லை. அடுத்த எண். அதுவும் இல்லை. பக்க எண் தப்பாக இருக்குமோ என்று அந்தத் தொகுதி முழுக்கப் புரட்டினேன். பிறகு அதற்கு முந்தையது, பிந்தையது. ஒரு மணி நேரம் போனது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என் சட்டையைப் பார்த்ததாக நினைத்து இன்னும் கொஞ்சம் ரேக்குக்குள் ஒதுங்கினேன்.

அப்படிப் புரட்டும்போதுதான் அந்தப் படம் வந்தது.

ஐந்து பேர் ஒரு தளத்தில் குந்தியிருக்கிறார்கள். கீழே கம்பிகள் கட்டம் கட்டமாக. ஒருவன் தலையில் துண்டு. அவன் கையில் கொக்கி. கட்டுக்கம்பியை முறுக்குகிற கொக்கி, என் இடுப்பில் தினம் தொங்குகிற அதே கொக்கி. நம் ஊர் ஆட்கள். பக்கத்தைத் திருப்பினேன். கட்டம் போட்ட ஒரு தாளின் படம். கட்டங்களுக்குள் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் இன்ஜினியர் செய்ததை யாரோ முன்பே செய்திருக்கிறார். வேறொரு சைட்டில், வேறொரு மேஸ்திரியைச் சுற்றி, கடிகாரத்தோடு யாரோ நடந்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் யாரையாவது பிடித்து உலுக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட ஆள் இல்லாமல் அந்தத் துண்டு கட்டியவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அந்த ஊழியரிடம் போனேன்.

"கெடைக்கல நைனாவுக்கு?" என்று அவரே ஆரம்பித்தார். என்னோடு ரேக் வரை வந்தார். "இங்கியா தேடுன? ஏன், எண்ணலையா?"

"எண்ணினேங்க. ஒன்பதாவது."

"எப்டி எண்ணுன, சொல்லு பாக்கலாம்."

சொன்னேன். ஹெச் வரை தலையாட்டினார். ஜே என்றதும் நிறுத்தினார்.

"ஐ எங்க போச்சி?"

"எந்த ஐ?"

விரலால் ரேக்கின் தூசியில் ஒரு கோடு போட்டார்.

"அது ஒண்ணுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். "எங்க டிராயிங்ல அந்த எழுத்து இல்லீங்க" என்றேன். இது உண்மை. ஐ என்றால் ஒன்று போலவும், ஓ என்றால் பூஜ்யம் போலவும் இருக்கும். தூண் மாறிப்போய்விடும் என்று அந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் எழுத்துப் போடுவார்கள். காரணம் எனக்கு அப்போது தெரியாது. அன்று சாயங்காலம் இன்ஜினியர் சொன்னார்.

"ஒரு எழுத்து இல்லாமயே இத்தினி வருசம் பில்டிங் கட்டிக்கினு கீறீங்க" என்றார் அந்த ஊழியர். "அதான் எல்லாம் ஒழுவுது."

ஜே ரேக் பத்தாவது. மூன்று கட்டுரைகளும் பத்து நிமிடத்தில் கிடைத்தன. எழுத்துக்கு எழுத்து பொருந்தின. நான்கு தொகுதிகளையும் சுமந்துகொண்டு ஜெராக்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கேதான் அடுத்த சிக்கல்.

"ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு முப்பது பக்கம்" என்றார் ஊழியர். "ரூல்ஸ். என்னிய ஒண்ணும் கேக்காத."

சீட்டில் இருந்த மூன்றும் சேர்ந்து இருபத்தொன்பது பக்கம். ஒன்பது, எட்டு, பன்னிரண்டு. நான் கண்டெடுத்தது பதினொரு பக்கம். எதையாவது விட வேண்டும். மேடம் கேட்டதை விட்டுவிட்டு, ஒரு படத்தைப் பார்த்து நான் தேர்ந்தெடுத்ததைக் கொண்டுபோவதா? அதில் கம்பிக்காரன் சோம்பேறி என்றே எழுதியிருந்தால்? மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நாலு மணிக்கு ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிடுவார்களாம்.

என் பதினொரு பக்கத்தை மறுபடி புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் எழுத்து, பிறகு எண், பிறகு எண். பார்த்த மாதிரி இருந்தது. சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சீட்டில் எழுதியிருந்ததும் இதே மாதிரிதான்: பெயர், தொகுதி, பக்கம். அப்படியென்றால் இதை எழுதியவரும் எங்கள் இன்ஜினியர் மாதிரி மற்றவர்களைத் தேடிப் போயிருக்கிறார்! விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பொருத்திக்கொண்டு வந்தேன். ஏழாவது வரி, என் சீட்டின் முதல் கட்டுரை. எண் உட்பட. பதினோராவது வரி, இரண்டாவது கட்டுரை. மூன்றாவதைத் தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை.

புதிதாக ஆள் எடுக்கும்போது நாங்கள் செய்வது இதுதான். நீ யார் யாரோடு வேலை செய்திருக்கிறாய் என்று கேட்போம். அவன் சொல்கிற பெயரில் இரண்டு பேர் நமக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் அவனைச் சேர்த்துக்கொள்வோம். மூன்றாவது கட்டுரையை இந்த ஆளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அதை விட்டேன். இருபத்தெட்டு பக்கம். மிஷினின் பச்சை வெளிச்சம் அந்தத் துண்டு கட்டியவன் மேல் ஒருமுறை ஓடியது.

திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் கடைசி மூலையில் கான்கிரீட் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினியர் முட்டி வரை சிமென்ட்டோடு இறங்கி வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். ஒன்று. இரண்டு. மறுபடி புரட்டினார்.

"மூணாவது எங்க மேஸ்திரி?"

சொன்னேன். முப்பது பக்கம், ரூல்ஸ், பட்டியல், எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போயிற்று.

"அய்யோ" என்றார். "சார் தன் வாயால பேர் சொன்னது அது ஒண்ணுதான. அது இல்லாம வராதன்னு சொன்னாரே."

எப்போதும் கிண்டல் செய்கிற சென்ட்ரிங் மேஸ்திரி எனக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மூன்று வருடம். ரயிலில் நின்றுகொண்டே தூங்கி, நின்றுகொண்டே சாப்பிட்ட மூன்று வருடத்தை ஒரு படத்துக்காகத் தொலைத்துவிட்டேன். அந்தப் பதினொரு பக்கத்தை மேலே எடுத்து வைத்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார். அடுத்த பக்கம் திருப்பினார். நின்றபடியே படித்தார். பிறகு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தார். மேலிருந்து "மேடம், வைப்ரேட்டர் நின்னுபோச்சி!" என்று கத்தினார்கள். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் மிஷின் அது; அவர் காதில் வாங்கவில்லை. சென்ட்ரிங் மேஸ்திரி ஓடிப்போய்ப் பார்த்தார்.

"ஏ மேஸ்திரி" என்றார் கடைசியில். "இது நம்ம வேலைல்லா! நம்ம ஊர் சைட்டுல, நம்ம மாதிரியே நின்னு பாத்து எழுதியிருக்கான். நான் எழுதினதத்தான் இவனும் சொல்லுதான்." எழுந்து இங்கும் அங்கும் நடந்தார். "பாடப்புத்தகத்துல இருக்கதெல்லாம் வெளிநாட்டுக்காரன் எழுதினது. இதப் பத்தி ஒருத்தரும் எனக்குச் சொல்லல. இது எங்க இருந்தது?"

"ஐ ரேக்குல மேடம்."

மூன்றாவது கட்டுரையின் பயம் அதனால் போய்விடவில்லை. அங்கேயே நின்று ஏற்பாடு செய்துகொண்டோம். மறுநாள் இரண்டு பேரும் போவது. நூலகம் பத்து மணிக்குத் திறந்ததும் நான் மூன்றாவதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவர் பேராசிரியரிடம் இருப்பதைக் காட்டிப் பேச்சை நீட்டிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை கொட்டும் மழை. ரயில் ஊர்ந்து போனதால் கல்லூரிக்குள் நுழையும்போதே பதினொன்றரை. நூலகத்துக்குள் ஓடினேன். எண்ணாமலே பத்தாவது ரேக்குக்குப் போய்த் தொகுதியை உருவிக்கொண்டு மேஜைக்கு வந்தேன்.

"கரண்ட் இல்ல நைனா" என்றார் ஊழியர். "மிஷின் ஓடாது."

"எப்ப வரும்?"

"நான் இன்னா மின்சார மந்திரியா?"

பன்னிரண்டு வரை காத்திருந்தேன். வரவில்லை. தொகுதியை வெளியே கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். பன்னிரண்டேகாலுக்கு நான் அவருடைய ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்று, என் வாழ்க்கையில் அதுவரை பேசியதையெல்லாம் விட அதிகமாகப் பேசினேன். ஒரு மணி, மூன்று வருடம், காண்டிராக்டர், கோடுகள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசியில், "புத்தகத்த என்கிட்ட குடுக்க வேணாங்க. நீங்களே தூக்கிக்கினு வாங்க. வாத்தியார்கிட்ட காட்டிட்டு நீங்களே தூக்கிக்கினு வந்துருங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "வாத்தியாருங்களுக்கு நாங்க ரூமுக்கே எடுத்துக்கினு போய்க் குடுக்கிறதுதான்" என்றார் மெதுவாக. "யோவ், மழை பெய்யுதேய்யா."

"கொடை கீதுங்க."

தொகுதியை அவர் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். நான் குடையை அவருக்கும் புத்தகத்துக்கும் பிடித்தேன். கால் மைல் ஓட்டமும் நடையுமாகப் போனோம். மாடி ஏறி அறை வாசலை அடைந்தபோது ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கதவு திறந்திருந்தது. பேராசிரியர் ஜன்னலோரம் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். என்னுடைய பதினொரு பக்கம். எங்கள் இன்ஜினியர் மேஜைக்கு இந்தப் பக்கம் அறிக்கையைப் பிரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கையெழுத்து..."

"இரும்மா." ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வராத குறை. ஊழியர் சட்டைக்குள்ளிருந்து தொகுதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சார், நீங்க கேட்ட புக்கு. நனையாம கொழந்த மாரி தூக்கியாந்தோம்" என்றார். பேராசிரியர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சார், ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிருவாங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அவர் திரும்பினார். "நீங்க யாரு?"

"கம்பி கட்டுறவன் சார். மேடம் கோடு போட்டது எங்களத்தான்."

கையிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்பி வராம காத்துக்கிட்டு இருக்கீங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"கட்டுனதையே எண்ணுவோம் சார். இல்ல, கட்டுன முடிச்ச இன்னொரு முறுக்கு முறுக்குவோம். சும்மா குந்திக்கினு இருந்தா திட்டுவாங்க."

இன்ஜினியரின் வாய் லேசாகத் திறந்தது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. அந்த முறுக்கையெல்லாம் அவர் வேலை என்று எண்ணித்தான் இரண்டு மாதம் கோடு போட்டிருக்கிறார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உன் கணக்கே தப்பாம்மா?"

"தப்புதான் சார்" என்றார் இன்ஜினியர். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "ஆனா ஒரே பக்கத்துத் தப்பு. காத்திருக்கது நான் எழுதினதுக்கு மேலதான் இருக்கும், கொறையாது. நான் சொல்ல வந்தது இன்னும் கெட்டியாத்தான் ஆகுது."

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். அந்த மனிதர் சிரிப்பார் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. "இப்ப நீ சொன்னத கடைசிப் பக்கத்துல உன் கையால எழுது" என்றார். இன்ஜினியர் நின்றபடியே எழுதினார். நான்கு வரி. கீழே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். ஒன்றுக்கு நாலு நிமிடம். "இந்த ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்கட்டும்" என்று பேராசிரியர் சொன்னது எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. இரண்டு பேரும் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஊழியர், "இதுக்கா என்ன மழையில இஸ்துக்கினு வந்த? அவரு புக்கத் தொறக்கவேயில்ல!" என்று கத்தினார்.

ஆபீஸ் குமாஸ்தா ஒரு கையில் பூட்டோடு இருந்தார். இன்னொரு கையால் முத்திரை குத்தினார்.

ரயிலில் ஏறியதும் இன்ஜினியர் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா பக்கத்துலயே நிக்கேன், ஒரு வார்த்த சொல்லலியே நீங்க!"

"நீங்க கேக்கல மேடம்."

"நான் கேக்கலன்னா?"

"ஆளுங்கள மாட்டிவுட்ட மாரி ஆயிடும்னு நெனச்சேன்."

பையிலிருந்து தன் கட்டம் போட்ட தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பென்சிலை நாக்கில் தொட்டு, வேலைக் கட்டத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். "சரி, இப்ப சொல்லுங்க. இது நெசமா கட்டினதா, சும்மா முறுக்கினதா?"

தேதியைப் பார்த்தேன். அது ஹெச் வரிசைத் தூணுக்கு, சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பி வராமல் நின்ற நாள். "சும்மா" என்றேன்.

"இது?"

"நெசம். அன்னிக்கு மதியம் சாப்பிடக்கூட போகல."

"இந்த அஞ்சு?"

"அது அஞ்சும் சும்மா மேடம். அதுல ஒண்ணு நானு."

"நீங்களுமா!" எதிர் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனியவில்லை. தாளை என் பக்கம் இழுத்து, பென்சிலை வாங்கி, சும்மா முறுக்கியதற்கெல்லாம் நானே வட்டம் போட ஆரம்பித்தேன். அவர் இறங்க வேண்டிய தாம்பரமும் நான் இறங்க வேண்டிய சிங்கப்பெருமாள் கோவிலும் எப்போது வந்தன, எப்போது போயின என்று இரண்டு பேருக்கும் தெரியாது. செங்கல்பட்டில் வண்டியைக் காலி செய்யச் சொன்னபோது இன்னும் மூன்று தாள் பாக்கி இருந்தது.